நெருக்கி விதைத்த நாலு ஏக்கர்

செப்டம்பர் 26

தவசிமுத்து சம்மதித்துவிட்டார். இதை முதலில் எனக்குச் சொன்னது என் மனைவி ஜெயக்கொடி. காலை ஒன்பது மணிக்கு அவரே போன் செய்து உறுதிப்படுத்தினார். அவர் ஜெயக்கொடியின் அண்ணன்.

எதற்குச் சம்மதம் என்பதையும் எழுதிவிடுகிறேன். கீழ ஆத்திக்குளத்தில் என் மாமனார் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன கரிசல் நிலம் எட்டு ஏக்கர். சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று அதை இருபத்தெட்டு வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. எட்டும் சேர்ந்து கிடைத்தால் எடுக்கும், பாதி வேண்டாமாம். தவசிமுத்து கொடுத்துவிடலாம் என்கிறார். மகன் திருப்பூரில் இருக்கிறான், திரும்பி வரமாட்டான், தனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது என்பது அவருடைய காரணம். ஜெயக்கொடி கொடுக்கக் கூடாது என்கிறாள். கரிசலில் கம்பி நட்டு கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு அது நிலமாகத் திரும்பாது என்பது அவளுடைய காரணம்.

கம்பெனி ஏஜென்ட் ரெங்கராஜ் மார்ச் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு வெள்ளாமை எடுத்துவிடலாம். நாலு ஏக்கரில் தவசிமுத்து எப்போதும்போல விலக்கி விதைப்பார். மீதி நாலில் ஜெயக்கொடி நெருக்கி விதைப்பாள். வேளாண்மை அலுவலகப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பருத்தி அவருடையதைவிட எடையிலும் குறையக் கூடாது, மில் போடும் தரத்திலும் குறையக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவள் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். குறையாவிட்டால் தவசிமுத்து சூரிய மின்சாரம் என்ற பேச்சையே எடுக்கமாட்டார்.

அளப்பதும் முடிவு சொல்வதும் என் பொறுப்பு.

“மாப்ள முப்பது வருசம் பேப்பர்ல எழுதுனவரு. ஒரு சாவுச் செய்தியில கூட வயசு தப்பா வந்ததில்ல. அவரு சொன்னாச் சரிதான்” என்றார் தவசிமுத்து.

எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லை என்று இருவரிடமும் சொன்னேன்.

சாயங்காலம் மகள் மதிவதனி ஓசூரிலிருந்து பேசினாள். எங்களுக்காகக் கட்டும் மாடி அறைக்கு டைல்ஸ் போட்டாகிவிட்டதாம்.

அக்டோபர் 3

விதைப்பு. விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் இருவரும் போனோம்.

தவசிமுத்து பஞ்சு ஒட்டிய விதையைச் சாணிக் குழம்பில் தேய்த்து, சாம்பலில் புரட்டி, முந்தின நாளே உலர வைத்திருந்தார். அப்படிச் செய்தால்தான் விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் கையிலிருந்து தனித்தனியாக விழும். ஏர் முன்னால் போக, சாலில் அவரே விதை போட்டுக்கொண்டு நடந்தார். டேப் வைத்துப் பார்த்தேன். சாலுக்குச் சால் மூன்றடி, விதைக்கு விதை ஒன்றரை அடி. டேப் இல்லாமல் கையால் போட்ட விதை எப்படி அந்த அளவில் விழுகிறது என்று கேட்டதற்கு, “கால் பழகிப்போச்சு மாப்ள” என்றார்.

ஜெயக்கொடி டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவியை வாடகைக்கு எடுத்திருந்தாள். பஞ்சு நீக்கிய, பாக்கெட்டில் வரும் விதை. படர்ந்து வளராத குட்டை ரகம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி அரையடி. அவர் பக்கம் ஏக்கருக்குப் பத்தாயிரம் செடி என்றால் இவள் பக்கம் நாற்பதாயிரத்துக்கு மேல்.

தவசிமுத்து வரப்பில் நின்று குனிந்து பார்த்தார்.

“ஏட்டி, இது பருத்திக்காடா, கீரப்பாத்தியா?”

“எடுக்கையில தெரியும்ண்ணே. ஒங்க காட்டுல ஒரு செடி பக்கத்துச் செடிகிட்ட பேசணும்னா போன்லா போடணும்?”

டிராக்டர்காரர் சிரித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

நெருக்கி விதைத்தால் ஒரு செடியில் காய் குறையும், ஏக்கரில் செடி கூடும் என்பது கணக்கு. மழை குறைந்தால் அத்தனை செடியும் ஒரே ஈரத்துக்கு அடித்துக்கொள்ளும். மழை கூடினால் இலை மூடி, உள்ளே காற்றுப் போகாது. இரண்டையும் ஜெயக்கொடியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அக்டோபர் 11

மழை இல்லை.

அக்டோபர் 17

மழை. தாலுகா அலுவலக மழைமானியில் 34 மில்லிமீட்டர். கீழ ஆத்திக்குளத்தில் அதைவிடக் கூட என்று தவசிமுத்து போனில் சொன்னார். அங்கே மழைமானி இல்லாததால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெயக்கொடி மூன்று முறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். தோசைக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்துவிட்டாள்.

அக்டோபர் 25

இரண்டு பக்கமும் முளைப்பு நன்றாக இருக்கிறது. ஜெயக்கொடியின் வரிசைகளில் சில இடத்தில் இரட்டையாக முளைத்திருந்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடுங்கினாள். உயிர்ச் செடியைப் பிடுங்கி வரப்பில் போடுவது தவசிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. “பிடுங்கத்தான் போறன்னா எதுக்குப் போட்ட?” என்றார்.

நவம்பர் 20

ஐந்து நாட்களாக அடைமழை. செடிகள் இலையாகவே வளர்கின்றன. ஜெயக்கொடியின் வயலில் வரிசைக்கு இடையே மண் தெரியவில்லை. செடி உயராமல் அடக்கும் மருந்தைப் போன வாரம் தெளித்தாள். அன்று மாலையே பெய்த மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. இன்று மறுபடி தெளித்தாள். மருந்துக் கடை பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு “அது ஏம் பாடு” என்றாள்.

அவளுடைய வயலில் மூன்று செடிகளில் அசுவினிப் பூச்சி பார்த்தேன். பதற வேண்டிய அளவு இல்லை. குறித்துக்கொண்டேன். தவசிமுத்து வயலுக்குள் போய்ப் பார்க்க நேரமில்லை.

டிசம்பர் 16

நுனி கிள்ளும் வேலை. ஜெயக்கொடி நாலு ஏக்கரிலும் செடியின் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறாள். உயரப்போகும் சத்து காய்க்குத் திரும்பும் என்கிறாள். கூடவே இரண்டு பெண்கள்.

இரவு சாப்பாட்டின்போது பேச்சு ஓசூர் பக்கம் போனது. அங்கே குளிர், என் மூட்டுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். இப்போது மூட்டில் வலியே இல்லை, தினமும் பஸ் நிறுத்தம் வரை நடக்கிறேன் என்றேன். தவிர, மிதமான குளிர் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னேன்.

“எந்த டாக்டரு?”

ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி 8

காய் எண்ணினேன். இரண்டு வயலிலும் மூலைக்கு ஐந்து செடி, நடுவில் ஐந்து செடி. தவசிமுத்துவின் செடியில் சராசரி பதினாலு காய். ஜெயக்கொடியின் செடியில் ஐந்து.

மதி போன் செய்தபோது இரண்டு எண்களையும் சொன்னேன்.

“ஐயோ, அப்ப அம்மா தோத்துருவாங்களாப்பா?”

“பாக்கலாம்” என்றேன்.

ஏக்கருக்கு எத்தனை செடி என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 22

பொங்கல் முடிந்து யாரும் எதிர்பாராத மழை. மூன்று நாள். தவசிமுத்துவின் வயலில் பாதிப்பு இல்லை. காற்று ஊடே போய் வருவதால் மறுநாளே செடி உலர்ந்துவிட்டது. ஜெயக்கொடியின் வயலில் அடிக்காய்கள் அழுகுகின்றன. இலையை விலக்கினால் உள்ளே மண்வாடையும் புளித்த வாடையும் கலந்து வருகிறது.

அவள் உட்கார்ந்த நிலையிலேயே வரிசை வரிசையாக நகர்ந்து, அழுகிய காய்களையும் கீழ் இலைகளையும் கிள்ளி வாளியில் போட்டாள். தவசிமுத்து கிண்டல் செய்யவில்லை. கொஞ்ச நேரம் வரப்பில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய், தூக்குவாளியில் டீ கொண்டுவந்து வைத்தார்.

“இந்த வருசம் வானம் ஒனக்கு எதுத்தாப்பல நிக்கி, பிள்ள. நான் ஒண்ணும் செய்யல.”

“ஒங்களச் சொல்லலையே.”

“அப்பா இருந்தா இவ்வளவு நெருக்கிப் போட விட்டிருக்கமாட்டாரு.”

“அப்பா இருந்தா கம்பிவேலி போடவும் விட்டிருக்கமாட்டாரு” என்றாள்.

அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

பிப்ரவரி 14

முதல் எடுப்பு. பருத்தி எடுக்கப் பக்கத்து ஊரிலிருந்து பதினோரு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருப்பவள் உடையம்மாள். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு.

காலை ஏழு மணிக்கு எல்லோரும் தவசிமுத்துவின் வயலில் இறங்கினார்கள். அங்கே காய் பெரிது, செடிக்குச் செடி இடம் தாராளம், கை போட்டால் கை நிறைகிறது. பதினோரு மணிக்கு அங்கே அன்றைய பாட்டை முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஜெயக்கொடியின் வயலுக்கு வந்தார்கள். கிலோவுக்குக் கூலி என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டு பக்கப் பருத்தியையும் தவசிமுத்துவின் தகரக் கொட்டகையில் ஆளுக்கொரு மூலையில் கொட்டினோம்.

பிப்ரவரி 17

மில்லிலிருந்து பஞ்சு பார்க்கும் சுந்தரம் வந்தார். இரண்டு குவியலிலும் ஒரு பிடி எடுத்து, விதையிலிருந்து இழையைப் பிரித்து, இரண்டு கை விரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“நீளம் ரெண்டும் ஒண்ணுதான். தங்கச்சி பருத்தி ஒரு மயிரளவு கம்மி, அது கணக்கில்ல” என்றார். பிறகு ஜெயக்கொடியின் பருத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். “ஆனா சருகு அப்பிக் கெடக்கே. நாலு சதவீதத்துக்கு மேல தூசு இருந்தா மில்லு ஒரு தரம் கீழ எறக்கீரும். பாத்துக்கோங்க.”

சுந்தரம் போன பிறகு எடுப்பு நடந்தபோது, பெண்களுக்குப் பின்னாலேயே ஜெயக்கொடியும் வரிசைக்குள் நடந்தாள். நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

இடுப்பில் சேலையை மடித்துக் கட்டிய மடி. காலியாக இருக்கும்போது இரண்டடி இடைவெளியில் ஒரு பெண் போகலாம். மடி நிறைய நிறைய அது வயிற்றுக்கு முன்னால் மூட்டையாகத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் வெயிலில் முறுகிய இலை. ஒவ்வொரு எட்டிலும் இலை நொறுங்கி மடிக்குள் விழுகிறது.

“எக்கா, ஒன் காட்டுக்குள்ள நொழையணும்னா மடியக் கழட்டித் தலையிலதான் வைக்கணும்” என்றாள் உடையம்மாள்.

“வயித்துப்புள்ளக்காரி மாதிரி ஒருச்சாஞ்சு நடக்கேன் பாரு” என்று இன்னொருத்தி நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. குனிந்து தரையில் இடைவெளியைச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதைப்பு அளவு, மருந்து, நுனி கிள்ளுவது எல்லாம் பயிற்சியில் சொன்னார்களாம். பருத்தியை யார், எப்படி, எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரி 19

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெற்குக் கரையிலிருந்து ஆறாவது வரிசையில் இறங்கி முதல் செடியைப் பிடுங்கினாள். அதில் வெடித்த காய் இரண்டு, பச்சைக் காய் மூன்று. வெடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு செடியை வெளியே எறிந்தாள். அடுத்த செடி. அதற்கடுத்தது.

தவசிமுத்து ஓடிவந்தார்.

“ஏட்டி! கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? காயோட பிடுங்குத?”

“மடி போக வழி வேணும்ண்ணே. ஆறு வரிசைக்கு ஒரு வரிசை.”

“எட கொறையும்டி!”

“கொறையட்டும்.”

“கொறஞ்சா நீ கையெழுத்துப் போடணும். நெனப்பிருக்கா?”

“சருகோட அனுப்புனாலும் கையெழுத்துத்தான போடணும்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, இது செல்லுமா? பாதியில செடியப் பிடுங்குனா?”

பேசிய விதியில் இதற்குத் தடை இல்லை என்று சொன்னேன். அவர் தலையில் துண்டைக் கட்டி அவிழ்த்துக் கட்டினார். அவருக்கு அது லாபம்தான். இருந்தும் பச்சைக் காயோடு செடி வெளியே விழும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியது. மத்தியானத்துக்குள் அவரே வடகோடியிலிருந்து ஒரு வரிசையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். “நீ வேர அத்துவிட்டுட்டு நிக்கெ. அடுத்த உழவுல கட்டை மாட்டும்” என்றார்.

அடுத்த உழவு என்று அவர் சொன்னதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜெயக்கொடி உடையம்மாளிடம் புதிதாக ஒரு பேச்சும் பேசினாள். தன் வயலுக்கு இனி கிலோக் கூலி இல்லை, நாள் கூலி. ஆனால் பனி உலர்வதற்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும். ஈரத்தில் இலை நொறுங்காது.

பிப்ரவரி 26

மதி பேசினாள். மாடிக்குக் கட்டில் வாங்கிவிட்டாள். மார்ச் கடைசியில் லாரி ஏற்பாடு செய்யவா என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. பருத்தி வேலையில் இருக்கிறாள்.

மார்ச் 4

இரண்டாவது எடுப்பு முடிந்தது. ஜெயக்கொடியின் வயலில் பனியோடு எடுத்த பருத்தியைக் களத்தில் உலர்த்தி, கொட்டகையின் உள்பக்கம் சுவரோரம் தனியாகக் குவித்தார்கள். வெள்ளையாக இருக்கிறது. வாசல் பக்கம் இருப்பது முதல் எடுப்பில் வெயிலில் எடுத்தது. பழுப்புச் சருகு தூரத்திலிருந்தே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில், பெரிய சாக்குப் பொதிகளாகக் கட்டிய தவசிமுத்துவின் பருத்தித் தாட்டுகள்.

மார்ச் 10

எடை போட்டோம். தராசை நான் சரிபார்த்தேன்.

தவசிமுத்து, நாலு ஏக்கர்: பத்தொன்பது குவிண்டால் அறுபது கிலோ.

ஜெயக்கொடி, நாலு ஏக்கர், பிடுங்கிய வரிசைகள் போக: இருபத்திரண்டு குவிண்டால் பத்து கிலோ. இதில் வாசல் குவியல் எட்டு. உள்குவியல் பதினாலும் சில்லறையும்.

“எடையில தங்கச்சி” என்றார் தவசிமுத்து. அவ்வளவுதான் சொன்னார்.

தரத்துக்கு மாதிரி எடுக்க வேண்டியது என் வேலை. இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். தவசிமுத்துவின் பருத்தியில் மூன்று இடத்தில் எடுத்து ஒரு பையில் போட்டேன். ஜெயக்கொடியின் பருத்தியில் வாசல் பக்கக் குவியலில் எடுத்தேன். உள்பக்கம் போக வேண்டுமென்றால் தாட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது. மூட்டு வலி.

பையைக் கட்டி, பெயர் எழுதி, பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய் சுந்தரத்தின் ஆளிடம் நேரில் கொடுத்தேன்.

மார்ச் 14

மில்லின் முடிவு வந்தது. போனில் சொன்னவர் சுந்தரம். இழை நீளம் இரண்டும் ஒரே பிரிவு. உறுதி ஒன்றுதான். தூசு: தவசிமுத்து 2.8 சதவீதம். ஜெயக்கொடி 6.4. ஒரு தரம் இறக்கம். 

முடிவை இருவரிடமும் சொன்னேன். தவசிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். ரெங்கராஜைப் பதினெட்டாம் தேதி பத்திரத்தோடு வரச் சொல்வதாகச் சொன்னார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மதிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15

ஜெயக்கொடி சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாதிரி எந்தக் குவியல்ல எடுத்தீக?”

“வாசப்பக்கம்.”

“உள்ள இருந்ததுல?”

“எடுக்கல.”

கத்தி நிற்கவில்லை. ஒரு வெங்காயம், இன்னொரு வெங்காயம்.

“மறந்துட்டீகளா?”

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். இல்லை என்றேன்.

அவள் உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு, தோலை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்படியில் நின்று, திரும்பாமல் பேசினாள்.

“ஓசூருக்குப் போகணும்னு ஆசையா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா வந்திருப்பியா?”

“கேட்டாத்தான தெரியும்? ஆறு மாசமா டைல்ஸு, கட்டிலு, டாக்டருன்னுட்டுக் கெடக்கீகளே ஒழிய, வாரியான்னு ஒருவாட்டி கேட்டீகளா?”

அண்ணனிடம் போய்ச் சொல் என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. மத்தியானம் குழம்பு வைத்தாள். அப்பளம் பொரித்தாள். எனக்குப் பரிமாறிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 16

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17

முதல் பஸ்ஸில் தனியாகக் கீழ ஆத்திக்குளம் போனேன். தவசிமுத்து கொட்டகை வாசலில் மம்பட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். 

“மச்சான், நான் எடுத்த மாதிரி சரியில்ல. ஒங்க தங்கச்சி பருத்தியில ஒரு குவியல்ல மட்டுந்தான் எடுத்தேன். சருகு இருந்ததுல. வெள்ளக் குவியல்ல கையே வைக்கல.”

அவர் காம்பை ஆப்பு அடித்து இறுக்கினார். 

“நாளைக்கு ரெங்கராஜ் வாரான்.”

“தெரியும்.”

“நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

“பொண்டாட்டி அழுதாளா? அதுக்காக வந்தீகளா?”

“அவ அழுகல. போகச் சொல்லவும் இல்ல.”

மம்பட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவும் செய்தது. ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்கு இல்லை.

“மாப்ள, நாலு ஏக்கர்ல நான் ஒழுங்காத்தான வெவசாயம் பாத்தேன்? ஒரு செடி சொணங்கவிட்டேனா? தோத்தா வெள்ளாமையில தோத்துட்டுப் போறேன். செயிச்சா வெள்ளாமையில செயிக்கணும். நீங்க எடுத்துக் குடுத்துச் செயிக்கதுக்கு நான் எதுக்குப் புரட்டாசி வெயில்ல சாலுக்குப் பின்னால நடக்கணும்?”

அவர் மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“சாவுச் செய்தியில வயசத் தப்பாப் போட்டுட்டீக” என்றார்.

“ஆமா.”

“பேப்பர்ல அதுக்கு என்ன செய்வீக?”

“மறுநாள் திருத்தம் போடுவோம்.”

“அப்பப் போடுங்க. ஆனா மாதிரி நீங்க எடுக்க வேண்டாம். நான் எடுக்கேன்.”

அவர் எடுத்தால் அதில் சாய்வு இருக்காதா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஜெயக்கொடியும் உடையம்மாளும் வரட்டும் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 18

ரெங்கராஜ் பத்திரத்தோடு காரில் வந்தார். “மாசக் கடைசி வரைக்கும்னு நீங்கதான சொன்னீக” என்று சொல்லி, மோர் கொடுத்து, தவசிமுத்து அவரைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு கொட்டகைக்குள் போனோம். தவசிமுத்து தன் தாட்டுகளைத் தானே தூக்கி வெளியே அடுக்கினார். நான் கைகொடுக்கப் போனேன்.

“மூட்டு வலின்னு சொன்னா தங்கச்சி” என்றார். உடையம்மாள் சேலை முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

தார்ப்பாய் விரித்து, வாசல் குவியலில் எட்டுக் கூடை, உள்குவியலில் பதினாலு கூடை கொட்டினார். இருக்கும் எடைக்கு ஏற்ற விகிதம். இரண்டையும் கை நுழைத்துப் புரட்டிக் கலந்தார். வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கினார். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பிரித்தார். இரண்டு கிலோ நிற்கும்வரை இதையே செய்தார். ஒரு காய்ந்த இலை முழுசாகக் கையில் வந்தது. அதை என்ன செய்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எறியவும் இல்லை, நொறுக்கவும் இல்லை. வந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தார்.

ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து நின்றாள். அண்ணன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பையை அவரே கட்டினார். நான் பெயர் மட்டும் எழுதினேன்.

மார்ச் 20

மாதிரி மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உறுதிப்படுத்தியவர் சுந்தரம். மாதிரியை வாங்க வந்தபோது உள்குவியலைக் கையால் பார்த்து இரண்டரையோ மூன்றோ சதவீதம் தூசு இருக்கும் என்று அவர் சொன்னார். வாசல் குவியல் 6.4. இந்த முறை எடையோடு பெருக்கிப் பார்த்தேன். இரண்டரை என்றால் மொத்தம் நாலுக்குக் கீழே வருகிறது. மூன்று என்றால் நாலுக்கு மேலே போய்விடுகிறது.

வெயிலுக்கு முன் வயலுக்குப் போனேன். மூன்றாவது எடுப்பு, மீந்த காய், போட்டிக் கணக்கில் சேராதது. ஜெயக்கொடி, உடையம்மாள், இன்னும் நாலு பேர். செடி பிடுங்கிய வழியில் நடந்துபோய் ஒரு கரையில் நின்றேன்.

“அண்ணாச்சி சும்மா நிக்காகளே. ஒரு மடியக் கட்டிவிடுங்கடி” என்றாள் உடையம்மாள்.

யாரோ ஒரு பழைய சேலைத் துண்டை என் இடுப்பில் சுற்றி முடிந்தார்கள். பனி இலையில் இருந்தது. கை நனைந்தது. ஒரு காயில் பஞ்சு முழுசாக வருவதற்குள் ஜெயக்கொடி நாலு செடி தாண்டிவிட்டாள். மடி பாதி நிறைந்ததும் முன்னால் தள்ளியது. ஒருச்சாய்ந்து நடந்தேன். சிரித்தார்கள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

வழியின் முடிவில் அவள் மடியைக் கொட்ட வந்தபோது கேட்டேன்.

“ஓசூருக்கு வாரியா?”

பஞ்சைக் கூடையில் கொட்டி, மடியை உதறி, அதில் ஒட்டியிருந்த ஒரு துளி சருகைக் கிள்ளி எடுத்தாள்.

“கடைசி எடுப்பு முடியட்டும். சொல்லுதேன்.”

“திங்கக்கெழம முடிவு எப்படி வந்தாலுமா?”

“மில்லுக்காரன் சொல்லுறது வேற. நீங்க கேட்டது வேற” என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் போய்விட்டாள்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. மில்லின் முடிவு திங்கள்கிழமை மத்தியானத்துக்கு மேல் வரும். ஜெயக்கொடியின் பதில் கடைசி எடுப்புக்குப் பிறகு. அது எப்போது இருக்கும் என்று உடையம்மாளிடம் கேட்டேன். கிழக்குக் கரையில் இன்னும் வெடிக்காத காய் கிடக்கிறது, இந்த வெயில் நீடித்தால் ஒரு வாரம் என்றாள்.